குரலை வெட்டும் வேலை

ஜூலை 27

ஏதோ ஒரு நகைக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதமாக ஒரு எழுத்துகூட எழுதாமல் அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். வேலை தலைக்கு மேல் போய்விட்டது. எழுதி வைத்தால்தான் எனக்கே நிதானம் வரும்.

அவர் எடுத்து வைத்துவிட்டுப் போன கல்யாணங்கள் ஒன்பது இருக்கின்றன. ஒன்றுகூட இன்னும் வீடியோவாக ஆகவில்லை. கல்யாணம் ஆனவர்கள் மறுவீடு, விருந்து எல்லாம் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் பிழைப்பே இதுதான். அவர் போய்க் கல்யாணத்தைப் படம் பிடித்து வருவார். நான் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். இதுபோக வெளியே உள்ள போட்டோகிராபர்களுக்கும் எடிட்டிங் செய்து கொடுப்பேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரி கிடையாது. திட்டுவதற்கு மட்டும் ஆள் உண்டு, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நாலு பேர்.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தைச் சங்கரன்கோவிலில் எடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த லாரி. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் இப்போது நானும் அத்தையும்தான். அத்தை என்றால் அவருடைய அம்மா.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. எடிட்டர்கள் பழைய பாக்கியை முடிக்கிற மாதம் இது. நானும் முடித்துவிடுவேன்.

ஜூலை 29

கடையநல்லூர் கல்யாணத்தைத் திறந்தேன். திறந்ததும் அவர் குரல்.

நான் என்ன நினைத்திருந்தேன் என்று தெரியவில்லை. இது தெரிந்த விஷயம்தானே. அவர் வாய் சும்மா இருக்கவே இருக்காது. "அண்ணாச்சி, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க." "அத்தை, பொண்ணை மறைச்சிட்டு நிக்கீங்களே, வீடியோல நீங்கதான் பொண்ணுன்னு நெனச்சிருவாங்க." கூட்டம் சிரிக்கும். கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பல்லைக் காட்டுவான். அதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

ஆனால் கல்யாண வீடியோவில் கேமராக்காரன் குரல் வரக்கூடாது. அதனால் அவர் பேசுகிற இடத்தையெல்லாம் நான் ஊமையாக்கிவிட்டு மேலே நாதஸ்வரத்தை ஏற்றுவேன். "வாயை மூடிட்டு எடுத்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பெண்ணழைப்பு வரைக்கும்தான் ஆயிற்று. அதுவே பெரிய வேலை.

ஆகஸ்ட் 2

சங்கரன்கோவிலிலிருந்து கோமதி கூப்பிட்டாள். அவர் கடைசியாக எடுத்த கல்யாணத்தின் பெண். நல்ல தன்மையாகப் பேசினாள். முதலில் துக்கம் கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கைகுலுக்கிவிட்டுத்தான் அவர் கிளம்பினாராம். அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, உங்க நெலமை தெரியாம இல்ல. எனக்காகன்னா நான் கேக்கவே மாட்டேன். எங்க அம்மாதான் கெடந்து தவிக்காங்க. எங்க அப்பா இல்லேல்லா, அதனால அம்மா மேடைக்கு வரலை. தாலி கட்டும்போது ரூமுக்குள்ளயே இருந்துட்டாங்க. நான் எவ்வளவோ கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க. இப்போ வீடியோ வந்துட்டா, வீடியோ வந்துட்டான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஒரே வாரத்தில் அனுப்புகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

வரிசைப்படி செய்வதுதான் முறை. சங்கரன்கோவில் கடைசியாக எடுத்தது. அதற்கு முன்னால் எட்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 6

காலையிலிருந்து மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பாம். ஒரு வேலையும் ஓடவில்லை. துணி துவைத்தேன். அவருடைய சட்டைகளை அத்தை இன்னும் கொடியிலிருந்து எடுக்க விடவில்லை.

ஆகஸ்ட் 9

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

நான் எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன். இப்போது கூடுதல் கவனம். அத்தை காதில் விழக்கூடாது. காலையில் ஆலங்குளம் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது என்று எழுந்தபோது ஒயர் காலில் சிக்கி, ஹெட்போன் கழன்றுவிட்டது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது. "ஏ எலே, வழியை விடுங்கலே, மாப்பிள்ளை வாராருல்லா!" என்று வீடு முழுக்க அவர் குரல்.

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அத்தை கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். நேரே வாசலுக்குத்தான் ஓடினாள். வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மணி வந்துட்டானா?" என்று கேட்டாள்.

திரையைக் காட்டினேன். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். குழம்பு அடிபிடித்துக் கருகிப் போயிற்று.

சாயங்காலம் அத்தை தானே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். கையில் புளி, முற்றம் இருக்க இங்கே உட்கார்ந்து கொட்டை எடுக்கிறாளாம். "அந்தக் காதுல மாட்டுறதை எடுத்துரு, உனக்குத் தலைவலி வரும்" என்றாள்.

ஆகஸ்ட் 14

ஜெபராஜ் வந்தார். அவரும் போட்டோகிராபர், என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து சுற்றியவர். அண்ணி முறையில் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு கிலோ ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"மைனி, எங்கிட்ட ரெண்டு பையனுக சும்மாதான் இருக்கானுக. ஆடிதானே. ஆளுக்கு மூணு கல்யாணத்தைக் கொடுங்க, ஆவணி பாதிக்குள்ள முடிச்சுத் தந்துருதேன். துட்டு கிட்டுன்னு பேசுனீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எடுக்கிற கலர் அந்தப் பையன்களுக்குப் பிடிபடாது என்றேன். எந்தச் சொந்தக்காரர் முக்கியம் என்று அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். கோப்புகள் பெரிதாக இருக்கின்றன, காப்பி எடுக்கவே ஒரு நாள் ஆகும் என்றேன். மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்கும்.

ஜெபராஜ் அத்தையைப் பார்த்தார். அத்தை, "அவதான் செய்யுதாள்லா, செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். பத்து நாள் முன்னால் இதே அத்தைதான் நான் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் குறை சொன்னது.

ஆகஸ்ட் 21

ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக முகூர்த்தங்கள் வரிசையாக வந்துவிட்டன. வள்ளியூரிலிருந்து ஒரு கல்யாணம், தென்காசியிலிருந்து ஒரு புதுமனைப் புகுவிழா, நாங்குநேரியிலிருந்து ஒரு பூப்புனித நீராட்டு விழா. எல்லாம் மற்ற போட்டோகிராபர்கள் எடுத்தவை. எடிட்டிங் மட்டும் என்னுடையது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இன்றைக்கு மாட்டேன் என்றால் நாளைக்கு வேறு ஆளிடம் போய்விடுவார்கள். தனியாகத் தொழில் செய்கிறவளுக்கு இதுதான் கதி.

கண் எரிகிறது. தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. அத்தை வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டாள். புது வேலைகளை முதலில் முடித்துவிட்டால் பழையதை நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 28

கோவில்பட்டிக்காரரிடமிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெண்ணின் அப்பா. வீடியோவைச் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்து டி.வி.யில் போட்டிருக்கிறார். சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே, "அண்ணே, பூசாரி அண்ணே, கொஞ்சம் குனிங்க, தாலி தெரியலை" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அவருக்கு மானம் போய்விட்டதாம்.

"என்னம்மா வேலை பாக்கீங்க? இதைக்கூடக் கவனிக்க மாட்டீங்களா?"

கவனக்குறைவுதான். மற்ற இடங்களிலெல்லாம் குரலை எடுத்துவிட்டேன். அங்கே ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்த ஒரு நிமிஷத்தை நான் பலமுறை போட்டுப் பார்த்துதான் அனுப்பினேன், இருந்தாலும் விட்டுப்போய்விட்டது.

திருத்தித் தருகிறேன் என்றேன். அப்போது அந்த ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார். "அப்புறம்மா, கடைசில பேரு வருதுல்லா, படப்பதிவு சுடலைமணின்னு. அதையும் எடுத்திருங்க. தப்பா நெனைக்காதீங்க. மங்கள காரியம் பாருங்க, போனவங்க பேரு எதுக்குன்னு வீட்ல சொல்லுதாங்க. திருத்தினதை நீங்க கொண்டாந்து தரவும் வேண்டாம், கூரியர்ல போட்டுருங்க."

முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் போய், வெற்றிலை பாக்கோடு பென்டிரைவை வைத்துக் கொடுத்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு வருவோம். பேரை எடுத்துவிட்டேன். கூரியரில் போட்டுவிட்டேன். அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு புதுசாகக் கல்யாணமான அந்தப் பெண்ணை நினைத்து, நினைப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வீடியோவைக் கொடுத்து முடித்ததும், எடுத்த காட்சிகளை டிஸ்க்கிலிருந்து அழித்துவிடுவோம். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமே. இந்தத் தடவை ஒன்றையும் அழிக்கவில்லை. புது டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 3

கோமதி மறுபடி கூப்பிட்டாள். சொன்ன ஒரு வாரம் ஒரு மாதமாகிவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லையாம். மூச்சு வாங்குகிறதாம், இதயத்தில் ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவந்திருக்கிறார்களாம்.

"முழுசா வேண்டாம்க்கா. தாலி கட்டுறது மட்டும் இருந்தாப் போதும். போன்லயே அனுப்பி விட்ருங்க. அம்மா பாத்துக்குவாங்க."

அது ஐந்து நிமிஷ வேலை. திறந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி, அனுப்பினால் முடிந்தது. இதை எழுதும்போது எனக்கே நன்றாகத் தெரிகிறது.

போனை வைத்ததும் அத்தை கேட்டாள். "இன்னும் எத்தனை கல்யாணம் இருக்கு நம்ம மணி எடுத்தது?"

"மூணு, அத்தை."

அத்தை முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"மெள்ளமாவே செய்யிளா" என்றாள்.

செப்டம்பர் 4

சங்கரன்கோவில் ஃபோல்டரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். திறக்கவில்லை. நாங்குநேரி வேலை அவசரம்.

செப்டம்பர் 12

ஜெபராஜ் போனில் சத்தம் போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே கிடையாது.

"மைனி, வேலை தாங்கலைன்னு சொல்லுதீங்க. ஆனா திசையன்வெளை போட்டோகிராபர் பையனை நீங்களே கூப்பிட்டு, எடிட்டிங் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. அவன் எங்கிட்டச் சொல்லுதான். சங்கரன்கோவில் பார்ட்டி எனக்குப் போன் பண்ணுது. அந்தப் பொண்ணு அழுவுது மைனி. அந்த ஒண்ணை மட்டும் எங்கிட்டத் தாங்க, நான் இன்னைக்கே அனுப்புதேன்."

"நானே பண்ணிருவேன்" என்றேன்.

"எப்போ?"

போனை வைத்துவிட்டேன். அவருக்கு என்ன தெரியும். அவர் வீட்டில் ஆள் இருக்கிறது. மற்ற கல்யாணங்கள் எல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டு வீடு திரும்பிய கல்யாணங்கள். வந்து கார்டைக் கொடுத்துவிட்டு, "வடிவு, இன்னைக்கு ஒரு வேடிக்கை நடந்துது தெரியுமா" என்று ஆரம்பித்தவை. இது ஒன்றுதான் அவர் வந்து சொல்லாத கல்யாணம். கார்டைப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தோம். அதைத் திறந்து முடித்துவிட்டால் அவரிடமிருந்து எனக்கு இனிமேல் ஒன்றும் வராது. புதுசாக ஒரு வார்த்தைகூட வராது. இதை யாரிடம் சொல்ல?

வரும் திங்கட்கிழமை கட்டாயம் செய்துவிடுவேன்.

செப்டம்பர் 16

திங்கட்கிழமை போய்விட்டது. தென்காசி வீட்டுக்காரர்கள் பாட்டை மாற்றச் சொன்னார்கள்.

செப்டம்பர் 19

கோமதியின் அம்மா நேற்றுக் காலையில் இறந்துவிட்டார்கள். ஜெபராஜ்தான் சொன்னார். திட்டவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செப்டம்பர் 20

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 22

இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரைப் போடவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை. ஒரு தாய் பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டாள். அது இந்த வீட்டு மேஜையில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. என் துக்கம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. ஊரில் எனக்கு மட்டும்தான் ஆள் செத்த மாதிரி இருந்துவிட்டேன்.

மத்தியானம் அத்தை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிடத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"மெள்ளமாச் செய்யின்னு நான்தானே சொன்னேன்" என்றாள். "அந்தப் பொம்பளை காத்துக்கிட்டு இருக்கான்னு எனக்கும் தெரியும். நீ போன்ல பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எம் மவன் குரலு எனக்கு வேணும்னு இருந்துட்டேன்."

நான் என்ன சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

"எந்திரி. சாப்பிட்டுட்டு அந்தக் கல்யாணத்தைத் தொற. அந்தப் பிள்ளைக்காவது கொடு."

செப்டம்பர் 23

திறந்தேன். அத்தை பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாக் கல்யாணத்தையும் போலத்தான் இருந்தது. சிவப்புப் பட்டில் கோமதி, ஒல்லியாக ஒரு மாப்பிள்ளை, விசிறிக்கு முடி பறக்கிற ஐயர். அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தார். தாலி கட்டுவதைப் பிரமாதமாக எடுத்திருந்தார். கோமதி குனிந்த தலையைத் தூக்கி, ஒரு கணம் கூட்டத்துக்கு அப்பால் எங்கேயோ பார்க்கிறாள். அந்தப் பக்கம் ஒரு மூடிய கதவு இருக்கிறது. அதையும் எடுத்திருக்கிறார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூடிவிட்டேன்.

செப்டம்பர் 30

முடித்துவிட்டேன். நான் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று நினைக்கிறேன். யாருக்கு என்றுதான் தெரியவில்லை. எல்லா வேலையையும் முடித்த பிறகு, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் இன்னும் பதினாறாம் நாள் காரியம் முடியவில்லை. இப்போது போய்க் கல்யாண வீடியோவை எப்படி அனுப்ப?

அக்டோபர் 7

இன்றைக்குக் கோமதி வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். கூட யாரும் இல்லை, பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். மஞ்சள் தாலி இன்னும் புதுசாக இருந்தது. நான் கும்பிடுவதா, உள்ளே கூப்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தைதான், "உள்ள வா தாயி" என்றாள்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "கோமதி, நான்தான் லேட் பண்ணினேன். வேலை இல்லாம இல்ல. ஆனா வேலையினால இல்ல. எனக்குத் தொறக்க மனசு வரலை. என்னாலதான் உங்க அம்மா பாக்காமப் போயிட்டாங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"ரொம்பக் கோவம் இருந்துச்சுக்கா" என்றாள். "இப்பவும் இருக்கு. ஆனா நான் சண்டை போட வரலை. எங்க அம்மா வீடியோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை. போட்டோதான் இருக்கு. அம்மா போன்லகூட வீடியோ எடுக்க விடமாட்டாங்க. அன்னைக்கு உங்க வீட்டு அண்ணன் கேமராவைத் தூக்கிட்டு அங்கயும் இங்கயும் போய்க்கிட்டே இருந்தாங்க. அதுல எங்கயாவது எங்க அம்மா பேசுற மாதிரி, ஒரு வார்த்தையாவது இருக்கா பாருங்க. பாட்டு கீட்டெல்லாம் போட்டு மறைச்சிராதீங்க. குரலு மட்டும் இருந்தாப் போதும்."

எனக்குத் தெரிந்து இல்லை. மேடை, பந்தி, வாசல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மேடைக்கு வராத அம்மா மேடை வீடியோவில் எப்படி இருப்பார்? இருந்தாலும் அவள் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து தேடினோம். கூட்டத்தில் ஒவ்வொரு வெள்ளைச் சேலையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும், "இல்லைக்கா, இது எங்க பெரியம்மா", "இது பக்கத்து வீடு" என்றாள்.

எங்கள் தொழிலில் குப்பைத் துண்டு என்று ஒன்று உண்டு. கேமராவை அணைக்க மறந்து எங்கேயாவது வைத்துவிடுவார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுவரும் செருப்பும்தான் அதில் இருக்கும். போட்டுப் பார்க்கக்கூட மாட்டோம், முதல் நாளே அழித்துவிடுவோம். இந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒன்று இருந்தது. முதல் படமே கோணலாக, ஒரு மேஜைக் காலோடு இருந்ததால் ஓரமாக ஒதுக்கியிருந்தேன். இவ்வளவு நாளாக நான் எதையும் அழிக்காததால்தான் அதுவும் கிடந்தது. வேறு எதுவும் பாக்கி இல்லையே என்று அதைப் போட்டேன்.

மேஜைக் கால். தரையில் இறைந்து கிடக்கும் பூ. கெட்டிமேளம் ஓய்ந்து வெளியே ஒரே இரைச்சல். பிறகு அவர் குரல். "அம்மா, ஏன் உள்ளயே இருக்கீங்க? நான் உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

கோமதி என் கையைப் பிடித்தாள்.

யாரோ நடந்து வருகிறார்கள். கட்டிலில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். படம் சாய்ந்து இருப்பதால் பாதி உடம்புதான் தெரிகிறது. அவர் எதிரே வந்து தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். நமக்கு முதுகு மட்டும் தெரிந்தது. இந்த ஒன்பது கல்யாணத்திலும் நான் அவர் குரலைத்தான் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை. எடுக்கிறவன் எப்படிப் படத்தில் வருவான்? இதில் வந்தார். கழுத்து, நீல நிறச் சட்டை, இடுப்பில் தொங்கும் பேட்டரிப் பை.

கையில் இருந்த இன்னொரு கேமராவைத் திருப்பி, அதன் சின்னத் திரையை அந்த அம்மாவிடம் நீட்டினார். "இந்தா பாருங்க. இப்பத்தான் கட்டுனாங்க, சூடு ஆறலை. ஓட்டிக் காட்டுதேன்."

அந்தக் கேமராவிலிருந்து மேளச் சத்தம் கீச்சென்று வந்தது. அந்த அம்மாவின் முகம் குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டது. "யாரைப் பாக்கா அவ? இங்கயா பாக்கா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா. உங்களைத்தான்."

"இன்னொரு தடவை போடுங்க தம்பி."

போட்டார். அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத மனுஷன், அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் அழுதேன்னு கோமதிகிட்டச் சொல்லிராதீங்க. நல்ல நாள்ல அழுதேன்னு வருத்தப்படுவா."

"சொல்ல மாட்டேம்மா."

"பெருசா எப்போ பாக்கலாம்?"

"எங்க வீட்ல கொண்டு போய்க் கொடுக்கணும்மா. நான் சும்மா எடுக்கத்தான் செய்வேன். அவ கைக்குப் போனாத்தான் அது கல்யாணம் மாதிரி இருக்கும். அவ ரொம்ப நேரம் எடுத்துக்குவா, ஆனா நல்லாப் பண்ணுவா."

யாரோ வெளியிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு கட்டிலும் அந்த அம்மாவும்தான். தனியாக உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பாத்துட்டாங்கக்கா" என்றாள். "எங்க அம்மா பாத்துட்டாங்க. எங்கிட்டச் சொல்லவே இல்லை பாருங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

பார்த்துவிட்டார்கள்தான். ஆனால் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அந்தச் சின்னத் திரை என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நான் நினைக்கப்போவதில்லை. எனக்கு அதைவிட அவர் சொன்னதுதான் காதில் நின்றது. நான் நேரம் எடுத்துக்கொள்வேன் என்று எனக்காக அந்த அம்மாவிடம் முன்கூட்டியே தவணை கேட்டிருக்கிறார்.

பின்னால் அத்தை எழுந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். துண்டு முடிந்து திரை கறுப்பான பிறகும் நின்றாள்.

"அந்தச் சட்டையை இஸ்திரி போடாமலே போட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்றாள்.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்கக்கா" என்றாள். போட்டேன். அத்தை இன்னொரு தடவை என்றாள். போட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நானே போட்டேன்.